ஊர்தியை வாங்கும் முன் ஓட்டக் கற்க

1959-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள். பிரான்சு நாட்டின் கலே துறையிலிருந்து இங்கிலாந்தின் டோவர் துறையை நோக்கிப் புதுமையான ஊர்தி ஒன்று புறப்பட்டது. அது கப்பல் அன்று. நீரைக் கிழித்துச் செல்லவில்லை. விமானமும் அன்று, வானில் உயர எழவில்லை. தனக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே காற்றைப் பாய்ச்சி, அந்தக் காற்றையே மெத்தையாக்கிக்கொண்டு, அதன்மேல் வழுக்கிச் சென்றது. சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அதே நாளில்தான், லூயி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் விமானத்தில் அந்தக் கால்வாயைக் கடந்து புகழ் பெற்றார். அவர் செயலின் பொன்விழா நாளில் புறப்பட்ட இவ்வூர்தி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பொழுதில் டோவரை அடைந்தது. எஸ்.ஆர்.என். 1 என்பது அதன் பெயர். இன்று ஹோவர்கிராப்ட் என்று உலகம் அழைக்கும் ஊர்திகளுக்கெல்லாம் அது மூத்த உடன்பிறப்பு.

இவ்வூர்தியைக் கண்டுபிடித்த கிறிஸ்டோபர் காக்கரெலும் அன்று அதில் இருந்தார். ஆனால் அதை ஓட்டியவர் அவர் அல்லர். பீட்டர் லாம்ப் என்னும் தேர்ந்த சோதனை விமானியே அதை ஓட்டினார். அப்படியானால் காக்கரெல் என்ன செய்தார்? ஊர்தி ஒரு பக்கம் சாயாதபடி, வேண்டியபோது வேண்டிய பக்கம் நகர்ந்து, தம் உடலையே எடைக்கல்லாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்! கருத்தைப் பெற்றெடுத்தவர் ஓரத்தில் அமர்ந்தார். கைப்பழக்கம் உடையவர் ஓட்டும் இருக்கையில் அமர்ந்தார். ஒன்றை அறிவது வேறு, அதைக் கையாளப் பழகியிருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இன்றைய என் பேச்சுக்குத் தோற்றுவாய் இதுதான்.

மாணவ நேயர்களே! இன்று மேனாடுகளில் இருவர் அல்லது நால்வர் அமர்ந்து செல்லக்கூடிய சிறிய ஹோவர்கிராப்டுகள் தனியாருக்கு விற்கப்படுகின்றன. தாமே கட்டிக்கொள்வாரும் உண்டு. பிரிட்டனில் இத்தகைய ஆர்வலர்களின் சங்கம் 1966 முதல் இயங்கி வருகிறது. அங்கே பந்தயங்களும் நடைபெறுகின்றன. ஆறு, ஏரி, சேறு, மணல், பனி என்ற வேறுபாடின்றி எங்கும் செல்லும் ஊர்தி என்றால் யாருக்குத்தான் ஆசை பிறக்காது? கையில் பணம் இருப்பவர் முதலில் ஊர்தியை வாங்கிவிடுகிறார். ஓட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என எண்ணுகிறார். இந்த முறை தலைகீழானது என்பதே என் கருத்து. முதலில் பயிற்சி, பிறகே உடைமை. ஏன் அப்படி என்பதை, நீங்கள் பள்ளியில் படித்த இயற்பியலைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

முதலில் ஊர்தியின் அமைப்பைக் காண்போம். படகு வணிகம் நடத்திவந்த பொறியாளரான காக்கரெல், படகை நீர் பின்னுக்கு இழுக்கும் தடையை எவ்வாறு குறைப்பது என்று எண்ணிக்கொண்டிருந்தார். 1955-ஆம் ஆண்டில் ஒரு காப்பித் தகரத்துக்குள் பூனை உணவு அடைத்த சிறிய தகரம் ஒன்றைப் பொருத்தினார். இரண்டுக்கும் நடுவிலிருந்த வளைய வடிவமான இடைவெளி வழியே காற்றை ஊதினார். அக்காற்றின் விசையைச் சமையலறைத் தராசு ஒன்றில் அளந்தார். ஒரே குழாயின் வழியே ஊதும் காற்றைக் காட்டிலும், ஓரமாக வளையமிட்டு இறங்கும் காற்று மிகுந்த விசையோடு தாங்குவதைக் கண்டார். அந்த ஆண்டின் இறுதியிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னர், ஊர்தியின் அடியோரத்தைச் சுற்றி, வளைந்து கொடுக்கும் ரப்பர்த் துணியாலான திரை ஒன்றைப் பிறர் சேர்த்தனர். பாவாடை என்றே அதற்குப் பெயர். அது காற்றைச் சிறைப்படுத்தி, ஊர்தியை மேலும் உயர்த்தி, அலைகளையும் மேடுபள்ளங்களையும் தாண்ட வகை செய்தது.

இந்தக் காற்று மெத்தையின் அழுத்தம் எவ்வளவு என்று கணக்கிடுவோம். 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள சிற்றூர்தி ஒன்றைக் கொள்வோம். அதன் பரப்பு 8 சதுர மீட்டர். ஆட்களோடு அதன் எடை 400 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோகிராம் எடையே விழுகிறது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் இரு கால்களும் ஊன்றி நின்றால், அவர் பாதங்களின்கீழ் விழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,000 கிலோகிராம். ஆகவே மனிதன் கால் புதையும் சேற்றிலும் இவ்வூர்தி புதையாமல் செல்கிறது. இதன் அருமை இந்த ஒரு கணக்கிலேயே விளங்கும்.

அருமை எங்கே இருக்கிறதோ, அங்கேயே அபாயமும் இருக்கிறது. தரையைப் பற்றாமல் செல்வதே இவ்வூர்தியின் சிறப்பு. தரையைப் பற்றாமல் செல்வதே இதன் இடரும் ஆகும்.

கேரம் பலகையில் மாவு தூவி விளையாடியிருப்பீர்கள். சுண்டிய காய் எங்கே நிற்கும் என்று சுண்டிய பின் நம்மால் மாற்ற முடிவதில்லை. ஓடும் பொருள் வேறொரு விசை தடுக்கும்வரை நேர்க்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற நியூட்டனின் முதல் விதியை நாம் மனப்பாடம் செய்கிறோம். மிதிவண்டியிலோ மோட்டார் வண்டியிலோ செல்லும்போது அவ்விதியின் முழு வலிமையை நாம் உணர்வதில்லை. ஏனெனில், சக்கரம் சாலையைப் பற்றிக்கொண்டு, நாம் திருப்பிய பக்கம் நம்மைத் திருப்பிவிடுகிறது, நிறுத்தியபோது நிறுத்தியும்விடுகிறது. ஹோவர்கிராப்டுக்குச் சக்கரமும் இல்லை, தரையோடு உராயும் தடையும் இல்லை. பின்புறத்துக் காற்றோட்டத்தில் நிற்கும் சுக்கான்களே அதைத் திருப்ப வேண்டும். சுக்கானைத் திருப்பினால் என்ன நேரும்? ஊர்தியின் முகம் திரும்பும். ஆனால் அது செல்லும் திசை உடனே திரும்பாது. முகம் ஒரு பக்கமும் போக்கு ஒரு பக்கமுமாக அது வழுக்கிக்கொண்டே செல்லும். ஒகேனக்கலில் பரிசல் ஏறியவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். பரிசல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தாலும், வெள்ளம் இழுக்கும் பக்கம்தானே அது போகிறது!

இதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேலே கூறிய 400 கிலோகிராம் ஊர்தி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதாவது, நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அதைப் பக்கவாட்டில் திருப்ப 40 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை கிடைப்பதாகக் கொள்வோம். அப்பொழுது அது திரும்பும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 200 மீட்டர். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஆரம் நாலில் ஒன்றாகி, 50 மீட்டராகக் குறைகிறது. ஆகவே பழகிய ஓட்டுநர், வளைவு வருவதற்கு வெகுதூரம் முன்பே வேகத்தைக் குறைத்துத் திரும்பத் தொடங்கிவிடுகிறார். பழகாதவரோ, மோட்டார் வண்டியில் திருப்பும் இடத்தில்தான் இதையும் திருப்ப முயல்கிறார். அதற்குள் கரை வந்துவிடுகிறது. கரையிலுள்ள மரமும் வந்துவிடுகிறது.

நிறுத்துவதும் இவ்வாறே. பெரும்பாலான சிற்றூர்திகளில் தடைக்கட்டை என்பது கிடையாது. சிலவற்றில் காற்றை முன்னோக்கித் திருப்பும் அமைப்பு உண்டு. அது இல்லாதவற்றில், ஊர்தியின் முகத்தை முற்றிலும் பின்புறமாகத் திருப்பி, உந்தும் விசையையே தடுக்கும் விசையாக்கி நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்த திசையைப் பார்த்துத் திரும்பி உட்காரும் இந்த வித்தை, புத்தகம் படித்து வருவதன்று. அருகில் ஆசிரியர் ஒருவர் இருக்க, திறந்த வெளியில் பலமுறை செய்து பழகியே வர வேண்டும்.

இங்கே முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அச்சம் ஏற்பட்டால் மனிதன் யோசிப்பதில்லை, பழக்கப்பட்டதைச் செய்கிறான். மோட்டார் சைக்கிளில் பழகியவன் அஞ்சியதும் விசையைச் சட்டென்று குறைத்துவிடுவான். அங்கே அது சரி. ஆனால் சிறிய ஹோவர்கிராப்டுகள் பலவற்றில் ஒரே விசிறி எழுப்பும் காற்றில் ஒரு பகுதி கீழே சென்று ஊர்தியைத் தூக்குகிறது. எஞ்சியது பின்னே சென்று உந்துகிறது. ஆகவே விசையைச் சட்டென்று குறைத்தால் வேகத்தோடு மெத்தையும் போய்விடும். நீரின்மேல் விரைந்து செல்லும்போது மெத்தை தளர்ந்தால், முன்பக்கத்துப் பாவாடை நீரில் சிக்கி உள்ளே மடங்கும். ஊர்தியின் மூக்கு நீரில் குத்தும். உள்ளிருப்பவர் முன்னே தூக்கி எறியப்படுவர். கொழு மண்ணில் ஆழப் பதிந்து நின்றுவிட்ட ஏரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயரும் இந்த விபத்துக்கு உழவிலிருந்தே பெயர் எடுத்திருக்கின்றனர். நல்ல பயிற்சியின் முதல் வேலை, பழைய வண்டிகளில் கற்ற இத்தகைய பழக்கங்களை மறக்கச் செய்வதே ஆகும். ஒன்றும் அறியாதவனுக்குக் கற்பிப்பதைக் காட்டிலும், வேறொன்றை நன்கு அறிந்தவனுக்குக் கற்பிப்பது சில வேளைகளில் கடினம்.

இது நிற்க. நீரின்மேல் இவ்வூர்தி புறப்படும் விதத்தில் ஒரு விந்தை உண்டு. காற்றின்மேல் மிதப்பதால் இது நீரைத் தொடுவதில்லை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் ஆர்க்கிமிடீசு விதியிலிருந்து இதற்கும் விலக்கில்லை. அசையாமல் நிற்கும்போது, மெத்தையிலுள்ள காற்று அடியிலிருக்கும் நீரை அழுத்திக் குழிவாக்குகிறது. நம் கணக்கிலுள்ள ஊர்திக்கு அக்குழியின் ஆழம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். ஊர்தி நகரத் தொடங்கியதும் குழியும் உடன் நகர்கிறது. முன்னே நீர் அலையாக எழுகிறது. தான் எழுப்பிய அலையின்மேல் தானே ஏறிக் கடந்தால்தான் ஊர்தி விரைந்து செல்ல முடியும். 4 மீட்டர் நீளமுள்ள ஊர்திக்கு, மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வேகத்தில் இந்த இடர் உச்சமடைகிறது. அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் தடை குறைந்து ஊர்தி பறக்கும். தாண்டாவிட்டால், எந்திரம் முழு வலிமையோடு அலறினாலும், நத்தைபோல் ஊர்ந்துகொண்டிருக்கும்.

புதிதாக வாங்கியவர் முதல் நாள் என்ன செய்வார்? வீட்டாரையும் நண்பரையும் அழைத்து வருவார். இருவர் ஏற வேண்டிய ஊர்தியில் மூவரும் நால்வரும் ஏறுவர். தரையில் அது எளிதாக ஓடும். நீரில் இறங்கியதும் எடை மிகுதியால் அலைமேட்டை ஏற மாட்டாது. நட்டாற்றில், நீர்த்திவலை முகத்தில் அறைய, எங்கும் போக முடியாமல் தவிக்கும். எடையைப் பின்னுக்கு நகர்த்த வேண்டுமா, காற்றை எதிர்த்துப் புறப்பட வேண்டுமா, அல்லது அமைதியாகத் திரும்பிவிட வேண்டுமா என்பதை அந்த வேளையில் யார் சொல்லிக் கொடுப்பார்?

காற்றும் சரிவும் வேறு இரு ஆசிரியர்கள்; ஆனால் கடுமையான ஆசிரியர்கள். இருபதுக்கு ஒன்று என்ற சரிவு, நடப்பவர் கண்ணுக்குச் சமதரையாகவே தோன்றும். அதன் குறுக்கே செல்லும் 400 கிலோகிராம் ஊர்தியை அச்சரிவு 20 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையோடு கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பக்கக் காற்று வீசினால், காற்று வரும் பக்கம் முகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நண்டு போல் ஓரமாக நடந்துதான் நேரே செல்ல வேண்டும்.

பெரிய ஊர்திகளின் வரலாறும் இதையே உரைக்கிறது. 1968 முதல் 2000 வரை ஆங்கிலக் கால்வாயில் எஸ்.ஆர்.என். 4 என்னும் பேரூர்திகள் மக்களையும் மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச் சென்றன. முதல் ஊர்தி இரண்டு மணிக்கு மேல் எடுத்துக்கொண்ட தொலைவை, அவற்றுள் ஒன்று 1995-இல் 22 நிமிடத்தில் கடந்தது. ஆயினும் 1972 மார்ச்சு 4-ஆம் நாள், பிரிட்டனின் சவுத்சீ கரைக்கு அருகே, கொந்தளித்த நீரில் எஸ்.ஆர்.என். 6 வகை ஊர்தி ஒன்று கவிழ்ந்து ஐவர் இறந்தனர். 1985 மார்ச்சு 30-ஆம் நாள், டோவர் துறைமுகத்தில் நுழையும்போது, கடுங்காற்று 'பிரின்சஸ் மார்கரெட்' என்ற பேரூர்தியை அலைதடுப்புச் சுவரின்மேல் தள்ளியதால் நால்வர் உயிரிழந்தனர். பல ஆண்டுகள் தொழிலாகவே பயின்றவர்கள் ஓட்டிய ஊர்திகள் இவை.

"பயின்றவர் ஓட்டியும் விபத்து நேர்ந்ததே, பயிற்சியால் என்ன பயன்?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பயிற்சி காற்றை நிறுத்திவிடாது; கடலை அடக்கிவிடாது. ஆனால் எந்தக் காற்றில் புறப்படலாம், எந்தக் காற்றில் புறப்படலாகாது என்னும் அறிவைத் தரும். பயின்றவருக்கே இத்துணை இடர் நேரும் இடத்தில், பயிலாதவர் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இறங்கலாமா என்பதே நாம் கேட்க வேண்டிய எதிர்க்கேள்வி. அதே சவுத்சீயிலிருந்து வைட் தீவின் ரைடு என்ற ஊருக்கு 1965-இல் தொடங்கிய ஹோவர்கிராப்டுப் போக்குவரத்து இன்றும் நடைபெற்று வருகிறது. பத்து நிமிடப் பயணம் அது. இடரை மறுக்காமல் எதிர்நோக்கிப் பயின்றதால்தான் அது நிலைத்திருக்கிறது.

இனி, சட்டம் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் சிறு ஹோவர்கிராப்டு படகின் வகையிலேயே அடக்கப்படுகிறது. விமானிக்குரிய உரிமம் அதற்குக் கேட்கப்படுவதில்லை. பிரிட்டனிலும் சொந்தக் களிப்புக்காகச் சிற்றூர்தி வைத்திருப்பவரிடம் ஓட்டுநர் உரிமம் கேட்கப்படுவதில்லை. "சட்டமே கேட்காத பயிற்சி எனக்கு ஏன்?" என்று சிலர் எண்ணுகின்றனர். சட்டம் வகுப்பது குறைந்த அளவு; அறிவு கேட்பது போதுமான அளவு. கிணற்றில் நீந்த உரிமம் வேண்டியதில்லை. அதனால் நீச்சல் தெரியாதவன் கிணற்றில் குதிப்பதுண்டா?

பயிற்சி எப்படி அமைய வேண்டும்? காற்றில்லாத காலைப் பொழுதில், மரமும் வேலியும் இல்லாத அகன்ற புல்வெளியில் அது தொடங்க வேண்டும். முதலில் நின்ற இடத்திலேயே எழுப்பி இறக்குதல். பின் நேரே செல்லுதல். பின் திரும்புதல், நிறுத்துதல். அதன்பின் சரிவும் பக்கக் காற்றும். அதற்கும் பிறகே நீர். நீரிலும் முதலில் ஆசிரியரோடு, பின் தனியே, இறுதியில்தான் பிறரை ஏற்றிக்கொண்டு. இவற்றோடு, எந்திரம் நின்றுவிட்டால் செய்ய வேண்டுவன, உயிர்காப்புச் சட்டை அணிதல், துடுப்பு ஒன்றை மறவாமல் எடுத்துச் செல்லுதல், காதைக் காக்கும் உறை, விசிறியின் காப்புக் கம்பிவலையைச் சோதித்தல், சுழலும் விசிறியின் நேர்பக்கத்தில் யாரையும் நிற்க விடாமை ஆகியவற்றையும் கற்க வேண்டும். ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் எந்திரம் தானே நிற்கும்படி, அதை அவர் உடலோடு இணைக்கும் கயிறு ஒன்று பல ஊர்திகளில் உண்டு. அதைக் கட்டிக்கொள்ளாமல் புறப்படலாகாது.

இவற்றையெல்லாம் வாங்கிய பிறகு கற்கக் கூடாதா? கூடும். ஆயினும் முன்பே கற்பதில் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, பயின்றவர் தேர்ந்து வாங்குவார். விற்பவர் நிறத்தையும் வேகத்தையும் புகழும்போது, இவர் "முழு எடையோடு இது அலைமேட்டை ஏறுமா? கிழிந்த பாவாடைத் துண்டை நானே மாற்றலாமா? நிறுத்தும் அமைப்பு என்ன?" என்று கேட்பார். இரண்டாவது, தம் இடத்துக்கு அது பொருந்துமா என்று உணர்வார். தம் ஊர் ஆறு குறுகியது, வளைவுகள் மிகுந்தது என்றால், வாங்காமலே விட்டுவிடுவார். அதுவும் பயிற்சியின் பயனே. மூன்றாவதுதான் முதன்மையானது. சொந்த ஊர்தி வாசலுக்கு வந்துவிட்டால் மனிதனுக்குப் பொறுமை இராது. ஆசை அவசரப்படுத்தும், சுற்றத்தார் வேடிக்கை பார்க்கக் கூடிநிற்பர், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல நாணம் தடுக்கும். அந்த நாளுக்கு முன்பே கற்றுத் தெளிந்திருப்பவருக்கே அந்த நாள் திருநாளாகும்.

பயின்ற கையில் இவ்வூர்தி எவ்வளவு நன்மை செய்கிறது என்பதையும் கூறாமல் விடலாகாது. இங்கிலாந்தின் மோர்க்கம் விரிகுடாவில், கடல்நீர் வடிந்தால் பரந்த மணல்வெளி தோன்றும். அது காலை விழுங்கும் புதைமணல். படகு செல்ல நீரும் இராது. அங்கே 2002 முதல் உயிர்காப்புப் பணிக்கென ஹோவர்கிராப்டு நிறுத்தப்பட்டுள்ளது. நம் நாட்டிலும் கடலோரக் காவல் படை, பாக் நீரிணையின் ஆழமற்ற கடலைக் காக்க மண்டபத்தில் இத்தகைய ஊர்திகளை வைத்திருக்கிறது. நீரிலிருந்து மணலுக்கு அவை ஏறிவரும் காட்சியை இராமநாதபுரத்துக் கரையில் உள்ள மாணவர்கள் கண்டிருக்கக்கூடும். கரையில் நிற்பவருக்கு அது எளிய விளையாட்டாகத் தோன்றும். அந்த எளிமைக்குப் பின்னே எத்தனையோ நாள் பயிற்சி மறைந்திருக்கிறது.

தேரைச் செலுத்துபவனைப் பழந்தமிழர் வலவன் என்று அழைத்தனர். வல்லமை உடையவன் என்ற பொருள் அச்சொல்லில் தொனிக்கிறது. தேரை உடையவன் யார் என்பது வேறு. வலவன் யார் என்பது வேறு. பணம் கொடுத்தால் உடையவன் ஆகலாம். பயின்றால்தான் வலவன் ஆகலாம். நாளை உங்களில் சிலர் ஹோவர்கிராப்டு வாங்கலாம்; சிலர் அதைவிடப் புதிய, இன்று நாம் பெயரும் அறியாத ஊர்திகளை வாங்கலாம். அப்பொழுது, 1959-இல் தாம் படைத்த ஊர்தியிலேயே ஓரமாக அமர்ந்து, ஓட்டும் பொறுப்பைப் பயின்றவரிடம் விட்ட காக்கரெலை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.